ரீப்பரில் அடித்த ஆணி

சாலமோன் பிறந்தது அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரின் காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றபோது, பங்குச் சாமியார் ஒருவர் அவரைத் தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே தச்சு வேலை கற்றுக்கொண்டார். வெளியே வந்தபோது கல்பாக்கம் பக்கம் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. புதுப்பட்டினத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தார். ஷாரோனைக் கட்டிக்கொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

வேலை தெரிந்தவர்தான், ஆனால் பெரிய வித்தைக்காரர் இல்லை. கதவு, ஜன்னல், சமையலறை ஷெல்ஃப் என்று சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பார், குடிக்க மாட்டார். பேசாமல் வேலை செய்வார் என்பதே அவரைப் பற்றி எல்லோரும் சொன்ன நல்ல வார்த்தை. அதனால் கல்பாக்கம் அணு நிலையத்து டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து அடுத்த குவார்ட்டர்ஸுக்கு அவருடைய பெயர் போனது. கும்பகோணத்துக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் "நம்ம சாலமோன்" என்றார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. ஊரில் அவருடைய அப்பாவை யாரும் 'நம்ம' என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

லக்ஷ்மிநாராயணன் அப்படி அறிமுகமானவர்தான். அணு ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து, தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் வீடு கட்டினார். கீழ்த்தளம் கான்கிரீட். மாடியில் ஒரே ஓர் அறை, அதற்கு மட்டும் ஓடு வேய்ந்தார். ஓடு போட்டால் கடல் காற்றுக்குக் குளுமையாக இருக்கும் என்பது அவருடைய ஆசை. எங்கோ இடித்த பழைய வீட்டிலிருந்து பனங்கைகளை வாங்கி வந்து கூரைக்குக் கைமரமாகப் போட்டார்கள். அதன் மேல் குறுக்கே மெல்லிய ரீப்பர் சட்டங்கள், ரீப்பர் மேல் ஓடு.

அந்த அறையின் நடுவில் நின்றால் தலைக்கு மேல் கை தூக்கினாலும் கூரை தொடாது. இரண்டு பக்கமும் நகர நகரக் கூரை இறங்கி வந்து, பக்கச் சுவர்கள் இடுப்பு உயரத்தோடு முடிந்துவிடும். மற்ற இரண்டு முக்கோணச் சுவர்களில் ஒன்றில் கதவு. இன்னொன்றில் கடலைப் பார்த்த பெரிய ஜன்னல்.

"நாலாயிரம் புத்தகம் இருக்கு, சாலமோன்" என்றார் லக்ஷ்மிநாராயணன். "எல்லாம் ஒரே இடத்துல, கண்ணுக்கு நேரா நிக்கணும். உயரமா ஒண்ணு பண்ணிடுங்க."

"செவுத்தோரம் உசரமா நிக்காது சார். கூரை தட்டுது."

"கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா?"

உள்ளே தள்ளி வைத்தால் நிற்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்காது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம். சாலமோனுக்கு அது தெரியாமல் இல்லை. எல் வடிவ இரும்பு ஆங்கிளும் போல்ட்டும் வைத்துப் பின்பக்கச் சுவரோடு இழுத்துக் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த நீளத்துக்கு ஆங்கிள் புதுப்பட்டினம் கடைகளில் இல்லை, செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும். போகவில்லை. அந்த வாரம் மதுராந்தகத்தில் ஷாரோனின் தம்பிக்குக் கல்யாணம் இருந்தது.

அதற்குப் பதில் அலமாரியின் உச்சியைக் கூரையோடு சேர்த்து அடித்துவிடலாம் என்று தோன்றியது. பனங்கையில் ஆணி வைத்தார். வைரம் பாய்ந்த பனை, ஆணி வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது. துளை போடும் மிஷினை அன்று வேறொருவர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். ரீப்பர் கைக்கு எட்டியது. மெல்லிய மரம், சுத்தியின் முதல் அடியிலேயே ஆணி இறங்கியது. அலமாரித் தலையிலிருந்து ஒரு சட்டத்தை ஏற்றி, ரீப்பரில் மூன்று ஆணி அடித்தார். கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. காலி அலமாரி எப்படி ஆடும்?

லக்ஷ்மிநாராயணனும் ஆட்டிப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். அவருடைய மனைவி ஜெகதாம்பாள் காபி கொண்டுவந்து கொடுத்தார். மகள் ஹரிப்ரியா சென்னையில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் இருந்தாள். பெட்டி பெட்டியாகப் புத்தகங்களை மேலே ஏற்றியவள் அவள்தான். கனமான பைண்டு வால்யூம்கள் அடிக்கடி எடுக்க வேண்டியவை இல்லை என்று அவற்றை உச்சித் தட்டில் அடுக்கச் சொன்னார் அப்பா. சாலமோனும் கை கொடுத்து ஏற்றினார். கனத்தை மேலே வைக்கக்கூடாது என்று அவருக்கும் அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஓட்டு இடுக்கில் ஒழுகிய தண்ணீர் ரீப்பரில் ஊறியது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விடுமுறைக்கு வந்திருந்த ஹரிப்ரியா மேலே போனாள். உச்சித் தட்டில் இருந்த ஏதோ ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. ஸ்டூல் எடுக்கவில்லை. கீழிருந்து இரண்டாவது தட்டில் கால் வைத்து ஏறினாள்.

கீழே சமையலறையில் இருந்த ஜெகதாம்பாள் கேட்டது ஓடு உடைகிற சத்தத்தைத்தான். கூரையில் குரங்கு என்று நினைத்தார்.

ஆட்டோ ஓட்டுகிற மோசஸ் சாலமோனின் பக்கத்து வீட்டுக்காரர். சர்ச்சில் பூசை முடிந்து சாலமோன் வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் ஓடி வந்தார்.

"அண்ணாத்த, சார் வூட்ல மாடி ரூம்ல பீரோ உழுந்துட்ச்சாம். அந்தப் பொண்ணு மேல."

"எந்த பீரோ?"

"எனுக்கு இன்னா தெரியும்? புக்கு வெக்கிற பீரோன்றாங்க. வேன்ல செங்கல்பட்டுக்கு இட்டுகினு போய்ட்டாங்க."

சாலமோன் செங்கல்பட்டுக்குப் போகவில்லை. கால் அந்த வீட்டுக்குப் போனது. கதவு திறந்தே கிடந்தது. மாடிக்கு ஏறினார். அலமாரியை நாலு பேர் தூக்கி ஒரு பக்கம் சாய்த்திருந்தார்கள். ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே புத்தகங்கள் விரிந்து கிடந்தன. கூரையில் ஓட்டை, அதற்கு மேல் வெளுத்த வானம். அலமாரியின் தலையில் அவர் ஏற்றிய சட்டம் அப்படியே இருந்தது. அதோடு முழ நீளத்துக்கு ரீப்பர் பிய்ந்து வந்திருந்தது. மூன்று ஆணியும் கொஞ்சம்கூட வளையாமல் நேராக இருந்தன. ஆணி விடவில்லை, மரம்தான் விட்டுவிட்டது. தரையில் கிடந்ததில் எது செம்மண் ஓட்டுப்பொடி, எது ரத்தம் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

வேன் திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது.

போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. "நீதான் செஞ்சியா?" என்றார் எஸ்.ஐ. "ஆமா சார்" என்றார் சாலமோன். லக்ஷ்மிநாராயணன் எதிரே நாற்காலியில் இருந்தார். "விபத்து. யார் மேலயும் எனக்குப் புகார் இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அங்கே இருந்த நேரம் முழுக்க அவர் சாலமோனின் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால், கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால், பதிலுக்கு அழுதிருக்கலாம் என்று பிற்பாடு சாலமோன் ஷாரோனிடம் சொன்னார்.

கேட்டது ஜெகதாம்பாள்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு சாலமோன் அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே போகத் தைரியம் இல்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. ஜெகதாம்பாள் வெளியே வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுவத்துல ஏன் அடிக்கலை?"

"செவுரு தூரமா இருந்திச்சும்மா."

அது பொய் இல்லை. செங்கல்பட்டில் அதற்கான ஆங்கிள் விற்றது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஜெகதாம்பாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஊர் பேசியது. டவுன்ஷிப்பில் கூப்பிடுவது நின்றது. "பரம்பரை ஆசாரியா இருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று டீக்கடையில் அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். சாலமோன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அந்தக் கேள்வி அவரைப் பல நாள் அரித்தது. பரம்பரை ஆசாரிகளும் ரீப்பரில் ஆணி அடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஷாரோன் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு காலையில், ஷாரோன் பாத்திரம் அடுக்கும் பலகையைச் சாலமோன் நிமிர்ந்து பார்த்தார். அவர் செய்து மாட்டியதுதான். எழுந்து போய் இழுத்தார். ஒரு பக்கம் கையோடு வந்தது. பாத்திரங்களை இறக்கி வைத்து, அதைக் கழற்றி, சுவரில் துளை போட்டு, போல்ட் வைத்து முடுக்கினார். அப்புறம் தரையில் உட்கார்ந்தார். இதேபோல எத்தனை வீட்டில் மாட்டியிருக்கிறோம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. கணக்கு எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் வீடுகள் மறக்கவில்லை. எந்தத் தெரு, எந்தக் கதவு, எந்தச் சுவர் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது.

மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் போனது சதுரங்கப்பட்டினத்தில் பிரபாவதி டீச்சர் வீட்டுக்கு. கட்டிலுக்கு நேர் மேலே பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு ஒரு பலகை மாட்டிக் கொடுத்திருந்தார். டீச்சர் வாசலிலேயே மறித்தார்.

"நாலு வருஷமா நல்லாத்தான இருக்கு. இப்ப எதுக்கு?"

"பாத்துட்டுப் போய்டறேன் டீச்சர். கூலி ஒண்ணும் வாணாம்."

"வாணாம் சாலமோன். நீ வந்து தொட்டுட்டுப் போனா எனக்குத்தான் பயமா இருக்கும்."

"நான் தொடலைன்னாதான் பயப்படணும் டீச்சர்."

அதைக் கேட்ட டீச்சர் வழி விட்டார். உள்ளே பலகை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சாலமோன் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தச் சொன்னார், இரண்டு ஸ்குரூவை மாற்றினார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இப்படியே அந்த வருஷம் முழுக்க அலைந்தார். சைக்கிளில் புதுப்பட்டினம், வாயலூர், திருக்கழுக்குன்றம். சிலர் விட்டார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார்கள். சில வீடுகளில் ஆட்கள் மாறியிருந்தார்கள், அவர்களுக்கு இவர் யார் என்றே தெரியவில்லை. பத்தில் ஒன்று மோசமாக இருந்தது. அந்த ஒன்றைக் காணும்போது வருகிற நடுக்கம், நன்றாக இருக்கிற ஒன்பதைக் கண்டாலும் போகவில்லை.

மாமல்லபுரத்தில் சுப்பிரமணி என்பவரின் லாட்ஜில்தான் பிரச்சினை ஆனது. அங்கே மாடியில் கீற்றுக்கொட்டகை போல இரண்டு பக்கமும் சரிந்த ஓர் அறை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகிற புத்தகங்களுக்காக அதில் அவர் மாட்டிய ஒரு ஷெல்ஃப். சீசன் நேரம், அறையில் ஆள் இருந்தது. சுப்பிரமணி விடமாட்டேன் என்றார். சாலமோன் கேட்காமல் மேலே ஏறி, புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டு ஷெல்ஃபை ஒரு கையால் இழுத்தார். கூரை மூங்கிலோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. அங்கே தங்கியிருந்த பெண் பயந்து கத்தினாள்.

"ஒட்ச்சிட்டியேடா பாவி!" என்று சட்டையைப் பிடித்தார் சுப்பிரமணி.

"அண்ணாத்த, நான் ஒடைக்கல. தானா உழறதுக்கு இருந்திச்சி."

"எறங்குடா கீழ. இனிமே இந்தப் பக்கம் தலை தெரிஞ்சா காலை ஒட்ச்சிடுவேன்."

வேலை பிடிக்க இவனே போய் உடைத்து வைக்கிறான் என்ற பேச்சு அன்றிலிருந்து கிளம்பியது. ஷாரோன் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள்.

"ஊரு இன்னா சொல்லுது தெரியுமா? செத்துப்போன பொண்ணை வெச்சி வேலை தேடிக்கினு கீறான்னு சொல்லுது."

"சொல்லட்டும்."

"நீ எத்தினி வூட்டுக்குப் போனாலும் அந்தப் பொண்ணு எய்ந்து வராது."

சாலமோன் தலை குனிந்துகொண்டார். "வராதுன்னு எனுக்குத் தெரியாதா ஷாரோன்? இன்னொண்ணு போவக்கூடாதுன்னுதான் சுத்திகினு கீறேன்" என்றார். மறுநாள் காலையில் ஷாரோன் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

இரண்டாயிரமாவது வருஷம் தை மாதத்தில் மோசஸ் வந்து, ஜெகதாம்பாள் வரச் சொன்னதாகச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் போன சாலமோன் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அதுவரை போகவில்லை. அங்கே சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெகதாம்பாள் மிகவும் இளைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அவர் எந்நேரமும் மேலயேதான் இருக்கார். கூரையை மட்டும் சரி பண்ணினோம். புத்தகமெல்லாம் தரையில கிடக்கு. கரையான் அரிக்கறது. அதுக்கு நடுவுல உக்காந்துண்டு இருக்கார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறார். நீ மறுபடி அலமாரி போட்டுக் கொடு."

சாலமோன் எழுந்துவிட்டார். "நானாம்மா? வேற ஆளு..."

"வேற ஆளை விசாரிச்சேன். ரெண்டு பேர் வந்து பாத்தா. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிண்டே அளந்தா. எனக்குப் பிடிக்கலை. உன்னை மாதிரி பயந்துண்டு யாரும் செய்யமாட்டா."

அன்றே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்.

இந்த முறை உயரமான அலமாரியே வேண்டாம் என்று முடிவு செய்தார். இரண்டு பக்கக் குட்டைச் சுவரை ஒட்டியும் முட்டிக்கு மேல் போகாத தாழ்ந்த அலமாரிகள். ஒவ்வொன்றையும் முதுகில் இரும்பு ஆங்கிள் வைத்துச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினார். அந்தத் தரை முதலில் மொட்டை மாடியாகத்தான் வார்த்தது, மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருந்தார்கள். அதனால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடிக்கட்டையையே வாட்டத்துக்கு ஏற்பச் சீவி உட்கார வைத்தார். கதவு இருந்த முக்கோணச் சுவரில் மட்டும், கூரைச் சரிவோடு படிப்படியாக ஏறுகிற மாதிரி ஆள் உயரத்துக்கு ஒன்று. அதற்கும் முதுகு முழுக்கச் சுவர். பூச்சில் நிற்கக் கூடாது, செங்கல்லுக்குள் போக வேண்டும் என்று ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டு ஆழம் பார்த்தார். கூரையை அவர் தொடவே இல்லை. ஓட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு சாண் விட்டார். கனமான வால்யூம்களை அடித்தட்டில், கையாலேயே ஒவ்வொன்றாக அடுக்கினார்.

அத்தனை நாளும் லக்ஷ்மிநாராயணன் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை. சவரம் செய்யாத முகம். சாலமோன் ஒருமுறை "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தூசி" என்றபோது நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அவ்வளவுதான்.

கடைசி நாள், எல்லாம் முடிந்ததும், சாலமோன் ஆள் உயர அலமாரியின் மேல் தட்டைப் பிடித்துத் தன் முழு கனத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லக்ஷ்மிநாராயணன் எழுந்து வந்தார். அதே தட்டை இரண்டு கையாலும் பிடித்தார். கீழ்த் தட்டில் ஒரு காலை வைத்தார். மெதுவாக இழுத்தார். பிறகு பலமாக இழுத்தார். பிறகு உடம்பு முழுக்க உதற, பல்லைக் கடித்துக்கொண்டு, அதைப் பிய்த்து எறிய வேண்டும் என்பது போல ஆட்டினார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அலமாரி அசையவில்லை. இரண்டு புத்தகங்கள் மட்டும் சரிந்து தரையில் விழுந்தன. சத்தம் கேட்டு மேலே வந்த ஜெகதாம்பாள் கதவருகில் அப்படியே நின்றுவிட்டார்.

லக்ஷ்மிநாராயணன் கையை விட்டார். மூச்சு வாங்கியது. அலமாரியின் முதுகில், தட்டுகளுக்கு நடுவே தெரிந்த போல்ட் தலையை விரலால் தொட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

சாலமோன் ஸ்பானரைப் பையில் போட்டார்.

"இவ்வளவுதானா சாலமோன்? இந்த நாலு போல்ட்டா?"

அப்போதுதான் சாலமோன் சொன்னார். "செங்கல்பட்டுல கெடைச்சிது சார். அப்பவே. நான்தான் போவல. மச்சான் கல்யாணம்னு விட்டுட்டேன்."

லக்ஷ்மிநாராயணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றேகால் வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "கனத்தை மேல வைக்கச் சொன்னது நான்" என்றார். "ஃபிஸிக்ஸ் படிச்சவன்." தரையில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமலேயே, விழுந்த புத்தகங்களைத் தடவி எடுத்தார். அழுகை சத்தமில்லாமல்தான் வந்தது. ஜெகதாம்பாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலமோன் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். யாரும் தடுக்கவில்லை.

மன்னிப்பு என்று யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. லக்ஷ்மிநாராயணன் அதற்குப் பிறகு சாப்பிடக் கீழே வர ஆரம்பித்தார் என்று மோசஸ் சொல்லித் தெரிந்தது. மூன்று வருஷம் கழித்து, தூக்கத்திலேயே இறந்துபோனார். சாலமோன் துக்கத்துக்குப் போய், மற்ற ஆண்களோடு தெருவில் நின்றுவிட்டு வந்தார். ஜெகதாம்பாள் கும்பகோணத்தில் தன் தங்கையோடு இருக்கப் போய்விட்டார்.

சாலமோன் அதற்கப்புறம் வீடுகளுக்குள் போய் வேலை செய்வதை விட்டார். பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்த நேரம், ஒரு கான்டிராக்டரிடம் கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்குள் பஸ் பிடித்துப் போவார். அங்கே யாருக்கும் அவருடைய கதை தெரியாது. இளசுகள் அவரைக் கேலி செய்வார்கள், முட்டுக் கொடுத்த கம்பத்தையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார் என்று. அவருடைய மகள் நர்சிங் முடித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வந்து இருக்கச் சொன்னாள். ஷாரோன் போகலாம் என்றாள். அவர் மாட்டியவையெல்லாம் இந்தப் பக்கத்துச் சுவர்களில் இருக்க, சாலமோன் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.